தறிக்குழியில் ஒரு பிஎச்.டி!

"அஞ்சு வருஷம் என்ன பண்ணீங்க மிஸ்டர்?"

"அறுந்த நூலை எண்ணிக்கிட்டிருந்தேன் ஸார்!"

இது ஜோக் இல்லை. சென்னையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில், டை கட்டிய மூன்று பேருக்கு முன்னால் உட்கார்ந்து நான் சொன்ன நிஜமான பதில். மூவரில் ஒருவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். இன்னொருவர், "பட்டுப் புடவையைத் தவிர உங்களுக்கு வேற என்ன தெரியும்?" என்று கேட்டார். முழித்தேன் பாருங்கள் ஒரு முழி... திருவிழாவில் தொலைந்த பிள்ளை கெட்டது போங்கள்!

'தேங்க் யூ, லெட்டர் போடறோம்' என்றார்கள். போடவில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கச்சேரி. "இவன் டாக்டராமே, என் முட்டி வலிக்கு ஒரு மாத்திரை எழுதித் தரச் சொல்லேன்" என்று எதிர்வீட்டுப் பாட்டி. "அந்த டாக்டர் இல்லே பாட்டி" என்றால், "அப்ப எந்த டாக்டர்?" என்று அடுத்த கேள்வி. கம்பெனிக்காரருக்கும் பதில் தெரியாமல், பாட்டிக்கும் பதில் தெரியாமல் நடுத்தெருவில் நின்ற நான் பதிலைக் கற்றுக்கொண்டது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், ஒரு தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு. கற்றுக்கொண்டபோது அது பாடம் என்றே தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

போ, போய் உட்கார்!

ஜவுளித் தொழில்நுட்பத்தில் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, பாவு நூல் ஏன் அறுகிறது என்பதுதான் தலைப்பு. புடவையில் நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே நாடாவில் போய் வருவது ஊடை. பாவு இழை ஒன்று அறுந்தால் தறி நிற்கும். தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டவேண்டும். காற்றில் ஈரம் குறைந்தால் பட்டு இழை முறுக்கிக்கொண்டு அறுகிறது. காஞ்சியில் தறியைக் குழியில் இறக்கி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தரையோடு ஒட்டிய ஈரம் இழையைப் பதமாக வைத்திருக்கும்.

இதையெல்லாம் நான் லேபில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கண்டுபிடிப்பதாக இருந்தேன். என் கைடு ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீ தறியைப் பார்த்திருக்கியா?" என்றார். "போட்டோவில் பார்த்திருக்கேன் ஸார்." அவ்வளவுதான். ஒரு கூட்டுறவு சங்கத்துக்கு லெட்டர் அடித்து, ஆறு மாதம் களப்பயிற்சி என்று காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார். ஆறு மாதம் என்று போனவன் பதினாலு மாதம் கழித்துத்தான் திரும்பினேன்.

முதல் நாள். சங்கத்தில் அடையாளம் காட்டிய ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனேன். ஐம்பது வயதுக்காரர். நான் கொண்டுபோன ஈரப்பத மீட்டரைத் தறியில் மாட்ட வேண்டும் என்றேன். "மாட்டிக்கோ தம்பி" என்றார். ஒயர் இழுத்து, கிளிப் போட்டு, ரீடிங் சரிபார்த்து முடிப்பதற்குள் காலைப் பொழுது போயே போச்சு. அவர் திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அவர் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனைக்காதே தம்பி. நாங்க மாசச் சம்பளக்காரங்க இல்லே. புடவைக்கு இவ்ளோன்னு கூலி. நீ ஒயரு மாட்டுன நேரத்துல அவரு அரை முழமாவது நெய்திருப்பாரு. கல்யாண ஆர்டரு வேற. வெள்ளிக்கிழமை சங்கத்துல குடுக்கணும்."

சோறு தொண்டையில் நின்றுவிட்டது.

ஆராய்ச்சி மாணவனுக்கு உதவித்தொகை மாதம் பிறந்தால் (கொஞ்சம் தாமதமாகவாவது) வந்துவிடும். தறி நின்றாலும் எனக்கு வரும், அவருக்கு வராது. அன்றிலிருந்து மீட்டர் மாட்டுவது, கழற்றுவது எல்லாம் அவர் சாப்பிடப் போகும் நேரத்தில்தான். முதல் நாள் ராத்திரியே லாட்ஜ் ரூமில் நாற்காலியைத் தறியாக வைத்துக்கொண்டு ஒத்திகை பார்ப்பேன். அரை நாள் பிடித்த வேலை இருபது நிமிஷத்துக்கு வந்தது. மேனேஜ்மென்ட் புத்தகங்களில் இதற்கு 'திட்டமிடுதல்' என்று பெயராம். எனக்குத் தெரிந்த பெயர், அந்த அம்மா போட்ட சோறு.

பத்து மணி ஆராய்ச்சி

இரண்டு மாதம் ஓடியது. பன்னிரண்டு தறிகள். எந்தத் தறியில், எத்தனை மணிக்கு, எத்தனை இழை அறுந்தது என்று நோட்டு நோட்டாக எழுதினேன். கிராஃப் போட்டால் அழகாக வந்தது. காலையில் இழை அறுவதே இல்லை, மதியத்துக்கு மேல்தான் அதிகம்! கைடுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த நோட்டை எட்டிப் பார்த்த அக்கா (அவர் மனைவியை அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தேன்) கேட்டார்: "இன்னா தம்பி, பத்து மணியிலேர்ந்துதான் எழுதியிருக்கே?"

"அப்பதானேக்கா நான் வர்றேன்."

"நாங்க விடிகாலம் அஞ்சு மணிக்கே உக்காந்துடறோமே! அப்ப அறுந்ததெல்லாம் யாரு கணக்கு?"

ஐந்து மணி முதல் பத்து மணி வரை அறுந்த இழை ஒன்றுகூட என் நோட்டில் இல்லை. நான் 'காலை' என்று எழுதியது என்னுடைய காலை. தறியின் காலை இல்லை! போதாததற்கு, நான் நோட்டும் கையுமாக நின்றால் சிலர் மெதுவாக, ஜாக்கிரதையாக நெய்திருக்கிறார்கள். இரண்டு மாத உழைப்பு குப்பை.

சும்மா விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தீசிஸைப் படிக்கும் பேராசிரியர் பிள்ளையார்பாளையத்துக்கு ஐந்து மணிக்கு வந்தா பார்க்கப் போகிறார்? இரண்டு நாள் அந்த சபலம் இருந்தது, மறைக்கவில்லை. மூன்றாம் நாள் கைடுக்குப் போன் போட்டு, "ஸார், தப்பு பண்ணிட்டேன்" என்றேன். எதிர்முனையில் ஒரு நிமிஷம் மௌனம். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார். சொன்னேன். "அந்த அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லு. முதல்லேர்ந்து ஆரம்பி" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து நாலரை மணிக்கு அலாரம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிண்ணம், ஒரு டப்பா புளியங்கொட்டை. இழை அறுந்தால் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போடச் சொன்னேன். நான் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். மீட்டர் ஆயிரக்கணக்கில் விலை, புளியங்கொட்டை இலவசம். எது என் தீசிஸைக் காப்பாற்றியது என்று சொல்லவும் வேண்டுமா?

மூன்று நாடா, இரண்டு பேர்

காஞ்சிப் பட்டின் விசேஷமே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நடுவில் ஓடும் நாடா ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று. வலது பக்கம் நெசவாளர், இடது பக்கம் துணையாள். உடல் இழையும் கரை இழையும் எல்லையில் கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு இழை பிசகினாலும் கரை கோணும். இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை. தறிச் சத்தம்தான் பேச்சு. சண்டை போட்ட அன்றைக்குக்கூட புருஷன் பெண்டாட்டி கோர்வை பிசகாமல் நெய்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். (நெய்து முடித்ததும் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, அது வேறு விஷயம்.)

அப்புறம் பெட்னி. முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால், பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக இணைக்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். குறுக்கு வழி கிடையாது. நம் ஆபீஸில் ஒரு ஃபைலை மூன்று தடவை புரட்டினால் தலைவலி வருகிறதே, அந்தத் தலையை அங்கே கொண்டுபோய் ஒரு நாள் உட்கார வைக்கவேண்டும்.

தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைகளுக்கு ஒரு கதை உண்டு. பிரான்ஸில் லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்காக ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் செய்த ஏற்பாடு அது. அட்டையில் ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லையென்றால் தூக்காது. புடவையில் மயிலும் அன்னமும் வருவது இந்த ஓட்டைகளால்தான். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் இந்த அட்டையைப் பார்த்துத்தான் தன் கணக்கு இயந்திரத்துக்கு ஓட்டை அட்டையில் கட்டளை கொடுக்கலாம் என்று யோசித்தார். 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை எண்ணியதும் ஓட்டை அட்டை மெஷின்தான். ஆக, நீங்கள் ஆபீஸில் தட்டும் கம்ப்யூட்டருக்கு நெசவுத் தறி ஒண்ணுவிட்ட பாட்டி முறை!

பட்டு நெய்யப் பிறந்த அட்டை, ஜனங்களை எண்ணப் போகவில்லையா? கற்ற வித்தையும் அப்படித்தான். ஒரு இடத்தில் கற்றது இன்னொரு இடத்தில் வேலை செய்யும். அட்டைக்குத் தெரிந்த இந்த விஷயம் எனக்குத் தெரியாமல் போனதால்தான் இன்டர்வியூவில் அந்த முழி.

தர்ப்பையை விட்டுவிட்டு வாளை எடுத்தவர்

காஞ்சிக்கு இது புதுசும் இல்லை. பல்லவர் காலத்திலேயே இங்கே 'கடிகை' என்ற உயர்கல்விக் கூடம் இருந்தது. நாலாம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்பவர் தன் குருவோடு வேதம் படிக்க இங்கே வந்தார். பல்லவரின் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு. கோபத்தில் தர்ப்பை பிடித்த கையால் வாளைப் பிடித்தார். கடைசியில் கடம்ப ராஜ்யத்தையே ஸ்தாபித்துவிட்டார்! கர்நாடகத்தில் தாளகுண்டா கல்வெட்டு இதைச் சொல்கிறது. படித்த படிப்பு ஒன்று, பார்த்த வேலை வேறு என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரியாது. (நீங்கள் மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டு ராஜ்யம் ஸ்தாபிக்கக் கிளம்ப வேண்டாம். பி.எஃப். விஷயத்தையும் யோசிக்கவேண்டும்.)

இன்றைய கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் பிஎச்.டி. படிப்பவர்கள் 2014-15-ல் 1.17 லட்சம் பேர். 2021-22-ல் 2.12 லட்சம். இத்தனை பேருக்கும் காலேஜில் புரொபசர் நாற்காலி கிடைக்குமா? ம்ஹூம்! பாதிப் பேராவது கம்பெனி, வங்கி, அரசு ஆபீஸ் என்று வேறு வாசல்களைத் தட்டித்தான் ஆகவேண்டும்.

இதை மற்ற தேசங்கள் முன்பே உணர்ந்துவிட்டன. இங்கிலாந்தில் 2002-ல் ஸர் கேரத் ராபர்ட்ஸ் கொடுத்த அறிக்கை, ஆராய்ச்சி மாணவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு வாரமாவது எங்கேயும் செல்லுபடியாகும் திறமைகளில் பயிற்சி வேண்டும் என்றது. அங்கே உயிரியல் ஆராய்ச்சி மாணவர்கள் பலர், தங்கள் ஆராய்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு வரவேண்டும் என்றே ஏற்பாடு வந்தது.

ஆஸ்திரேலியாவில் இன்னும் வேடிக்கை. குவின்ஸ்லாந்தில் கடும் பஞ்சம். தண்ணீரை மிச்சம் பிடிக்க, மூணு நிமிஷ டைமரைக் குளியலறையில் ஒட்டிக்கொண்டு ஜனங்கள் குளித்தார்கள். அதைப் பார்த்த ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு, மாணவர்களையும் மூணு நிமிஷத்தில் ஆராய்ச்சியைச் சொல்லவைத்தால் என்ன என்று தோன்றியது. 2008-ல் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த 'மூணு நிமிஷ தீசிஸ்' போட்டி இப்போது உலகம் முழுக்க நடக்கிறது.

நம் ஊரிலும் காற்று மாறியிருக்கிறது. யு.ஜி.சி. 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிகள், எல்லா ஆராய்ச்சி மாணவர்களுக்கும் பாடம் நடத்தவும் எழுதவும் பயிற்சி வேண்டும் என்கின்றன. வாரம் 4 முதல் 6 மணி நேரம் வகுப்பு, லேப் வேலைகளைக் கொடுக்கலாம். ஸ்டைப்பெண்டில் பாதியை அரசும் பாதியை ஒரு கம்பெனியும் கொடுக்க, மாணவன் இரண்டு இடத்துக்கும் பதில் சொல்லும்படியான பிரதமர் ஃபெலோஷிப் திட்டமும் வந்தது. தரமணியில் ஐ.ஐ.டி.யை ஒட்டி 2010-ல் ரிசர்ச் பார்க் வந்ததே, கம்பெனிக்காரரும் ஆராய்ச்சிக்காரரும் ஒரே கேன்டீனில் காபி குடிக்கட்டும் என்றுதான்.

ஆபீஸ் போகிற நண்பர்களுக்கு ஒரு தகவல். வேலையை விடாமலே பகுதி நேரமாக பிஎச்.டி. படிக்க அந்த விதிகளில் இடமிருக்கிறது. ஆபீஸிலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். குறைந்தது மூன்று வருஷம் ஆகும். பொதுவாக ஆறு வருஷத்துக்குள் முடிக்கவேண்டும். மேனேஜர் நல்ல மூடில் இருக்கும் நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.

மறுபடியும் டை கட்டிய மூவர்

முதல் இன்டர்வியூவில் கோட்டைவிட்டதும் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போனேன். நெசவாளர் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். நாடாவை நிறுத்தாமலே கேட்டார்.

"நூலை எண்ணுனேன்னா சொன்னே? நீ எண்ணுனது புளியங்கொட்டை! நூலைக் கட்டுனது நாங்க" என்று சிரித்தார். அப்புறம், "நீ இங்க இன்னா பண்ணேன்னு நான் சொல்லட்டுமா? காலையில அஞ்சு மணிக்கு வந்தே. பன்னெண்டு வீட்டுல எவனோடயும் சண்டை வராம கணக்கு வாங்குனே. தப்பு பண்ணா ஒத்துக்கினே. மேற்கு ஜன்னல்கிட்ட இருக்கிற தறியிலதான் ஜாஸ்தி அறுவுதுன்னு காட்டுனே. நாங்க ஈரச் சாக்கு தொங்கவிட்டுதான் சமாளிச்சுக்கினு இருந்தோம். எந்த நேரத்துல தொங்கவிடணும்னு நீ கணக்கா சொன்னே. இதைச் சொல்றதுக்கு இன்னா கேடு?" என்றார்.

அட!

அடுத்த இன்டர்வியூ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. அதே கேள்வி: "அஞ்சு வருஷம் என்ன பண்ணீங்க?"

"வேலை ஏன் நிக்குதுன்னு கண்டுபிடிச்சேன் ஸார். பன்னிரண்டு இடத்துல, வேலை செய்றவங்களைத் தொந்தரவு பண்ணாம, காசு செலவில்லாம கணக்கு எடுத்தேன். நடுவுல ரெண்டு மாசக் கணக்கு தப்புன்னு தெரிஞ்சது. தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சேன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க லைன் ஒரு ஷிப்ட்ல பல தடவை நிக்குது. ஏன்னு எங்களுக்கே தெரியலை. புளியங்கொட்டை இங்கேயும் வேலை செய்யுமா?" என்றார் நடுவில் இருந்தவர்.

செய்தது. இப்போது அங்கேதான் இருக்கிறேன். அங்கே அறுவது நூல் இல்லை, அசெம்பிளி லைன், அவ்வளவுதான் வித்தியாசம். ஷிப்ட் ஆரம்பிக்கும் நேரத்துக்கே போய் நின்றுவிடுவேன். பத்து மணி ஆராய்ச்சி ஒரு தடவை போதும்!

காலியாக விட்ட கட்டம்

இங்கேயே முற்றும் போட்டிருக்கலாம். ஆனால் போன மாதம் ஒரு விஷயம் நடந்தது.

அண்ணனின் மகன் டிப்ளமா முடித்தவன். ஒரகடம் பக்கம் வேலை தேடுகிறான். காஞ்சியில் பல வீடுகளில் இதே கதைதான். தறியின் இடது பக்கம் காலியாகிக்கொண்டு வருகிறது. பயோடேட்டா எழுதி என்னிடம் காட்டினான். 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்து விட்டிருந்தான்.

"என்னடா இது?"

"அனுபவம் ஒண்ணும் இல்லியேண்ணே."

"லீவு நாள்ல அப்பாவுக்கு எதிர்ப் பக்கம் உக்காந்து கோர்வை போட்டியே, அது?"

"அது வீட்டு வேலைண்ணே. அதையெல்லாம் போட்டா சிரிப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவன் அப்பாவிடம் பதினாலு மாதம் கற்றுக்கொண்டதை வைத்து நான் டாக்டர் ஆனேன், சம்பளம் வாங்குகிறேன். கற்றுக்கொடுத்தவருக்கு சர்டிபிகேட் இல்லை. அவர் மகனுக்கோ அதைச் சொல்லவே வெட்கம்! 2005-06-ல் புடவைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்த கைக்கு யார் குறியீடு கொடுப்பது?

கோட்டை அடித்துவிட்டு, இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். இன்னொருவரின் வேகத்துக்கு ஏற்ப இழை பிசகாமல் வேலை செய்தது. பழுதைக் கண்ணால் கண்டுபிடித்து அங்கேயே சரி செய்தது. சொன்ன தேதிக்கு ஆர்டர் முடித்தது. பொய் ஒரு வார்த்தை இல்லை. எழுதி முடித்ததும் அவனே திரும்பப் படித்துவிட்டு, "இதெல்லாம் நானாண்ணே?" என்றான்.

நீங்களும் ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்களேன். பதவியின் பெயரை எழுதவேண்டாம். 'கிளார்க்' என்று எழுதினால் அது வெறும் நாற்காலி. நிற்கிற வேலையை எப்படி நகர்த்தினீர்கள், கோபக்காரரை எப்படிச் சமாளித்தீர்கள், எந்தத் தப்பை நீங்களே கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் எந்த ஊர் மாறினாலும், எந்தக் கம்பெனி மாறினாலும் கூடவே வருவது அதுதான்.

நேற்று சாயங்காலம் பையன் போன் செய்தான்.

"இன்டர்வியூ முடிஞ்சதுண்ணே. கோர்வைன்னா என்னன்னு கேட்டாங்க. பத்து நிமிஷம் பேசினேன். ஒருத்தர் பேப்பர்ல படம் போட்டுக் காட்டச் சொன்னாரு."

"வேலை கிடைச்சுதா?"

"அடுத்த வாரம் சொல்றாங்களாம். ஆனா ஒண்ணுண்ணே..."

"என்னடா?"

"உங்களை மாதிரி முழிக்கலை!"